சத்தம் போடாத கேமரா

அத்தியாயம் 5

அலெக்ஸாந்திரியாவில் குளிர்காலப் புயல் வரப்போகிறது என்றால் வானொலி சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர்கள் இரும்புக் கதவை இறக்கும் சத்தமே சொல்லிவிடும். அன்று மதியம் நகரம் முழுக்க அந்தச் சத்தம்தான். கடல் சுவரை எகிறி வந்த தண்ணீர், சாலையைத் தாண்டி டிராம் தண்டவாளத்தை நனைத்துக்கொண்டிருந்தது.

காருக்குள் மட்டும் சத்தமே இல்லை. அதுதான் ஜெய்னஹுமுக்குப் பிடிக்கவில்லை.

கார் டாக்டர் நஷாத்துடையது. ஓட்டியவனும் அவருடைய ஆள்தான். பெயர் ஷிஹாத்தா. கழுத்தும் தோளும் ஒன்றாகிப்போன உடம்பு. கிளம்பியதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கண்ணாடியில் அவன் கண்கள் மட்டும் பின்சீட்டுக்கு வந்து வந்து போயின.

"அண்ணே, ரோடு முன்னாடி இருக்கு," என்றான் ஜெய்னஹும். "என் மூஞ்சியில சிக்னல் ஏதும் எரியுதா?"

ஷிஹாத்தா கியரை மாற்றினான்.

"விடு," என்றாள் ஷாஹிந்தா. "அவர் கேக்கறதுக்கு மட்டும்தான் சம்பளம் வாங்கறார் போல."

ஷாஹிந்தா ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கணக்குகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள். இப்போது சொந்தமாக ஒரு அறை, ஒரு மேஜை, காணாமல் போன மனிதர்களையும் பொருள்களையும் தேடித் தரும் தொழில். ஜெய்னஹும் அவளுடைய உதவியாளன். கைகால் பலத்தை நம்பி அவனை யாரும் வேலைக்கு வைக்க மாட்டார்கள். வாய்தான் அவன் மூலதனம்.

காலையில் டாக்டர் நஷாத் அந்த அறைக்கு வந்திருந்தார். ஊரறிந்த பல் மருத்துவர். நாணயம் சேகரிப்போர் சங்கத்தின் தலைவர். பூனை நடப்பது போலப் பேச்சு. ஷாஹிந்தாவை ஹானிம், அதாவது அம்மணி, என்றுதான் கூப்பிட்டார். அவருடைய நண்பர் மக்ரம், ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர், போன வியாழக்கிழமை சாயங்காலம் சங்கக் கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் விழுந்து செத்துப்போனார். அந்தக் காலத்து லிஃப்ட். நாலாவது மாடியில் கம்பிக்கதவு திறந்திருந்தது, லிஃப்ட் அங்கே இல்லை. கால் தவறிவிட்டது என்று போலீஸ் எழுதி மூடிவிட்டது.

டாக்டருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மக்ரமின் கேமரா.

"சங்கப் பெட்டியில இருக்கற தங்கக் காசையெல்லாம் அவன்தான் படம் எடுத்துக்கிட்டிருந்தான், ஷாஹிந்தா ஹானிம். புத்தகமாப் போடணும்னு ஆசை. உடம்புலயும் கேமரா இல்ல, வீட்டுலயும் இல்ல. சின்னதுதான். வெள்ளி நிறம், சிகரெட் பாக்கெட் அளவு. சட்டைப்பையிலேயே வெச்சிருப்பான், பாவம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "திங்கக்கிழமை கூட்டத்துல அவனைப் பார்த்தேன். அதுதான் கடைசி."

மழை நாளாயிற்றே என்று காரையும் ஆளையும் அவரே கொடுத்தனுப்பினார்.

முதலில் மக்ரமின் மனைவியைப் பார்த்தார்கள். அழுது ஓய்ந்த அந்த அம்மாளுக்குக் கேமரா எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வாங்கின கடையின் பெயர் மட்டும் தெரிந்தது.

ஷாஹிந்தாவின் கைப்பேசி மறுபடி அடித்தது. டாக்டர்தான். வழியெல்லாம் அதே கேள்வி.

"கிடைச்சுதா?"

"தேடிக்கிட்டிருக்கோம் டாக்டர்."

"சரி, சரி. அவசரமில்ல."

போனை வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "அவசரமில்லைங்கறவர்தான் இத்தனை தடவை கூப்பிடறார்."

கண்ணாடியில் ஷிஹாத்தாவின் கண்கள் வந்தன. போயின.

*

கடை ராம்ல் டிராம் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. இரும்புக் கதவு முக்கால்வாசி இறங்கியிருந்தது. ஜெய்னஹும் குனிந்து தட்டினான்.

"மூடியாச்சு!" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"கொஞ்சம் திறந்திருக்கே?"

"அது பூனை வர்றதுக்கு."

"மியாவ்," என்றபடி ஜெய்னஹும் உள்ளே நுழைந்தான். ஷாஹிந்தாவும் குனிந்து வந்தாள். ஷிஹாத்தா காரிலேயே இருந்துகொண்டான்.

கல்லாவுக்குப் பின்னால் கம்பளிச் சால்வை போர்த்திய ஓர் ஆர்மீனியக் கிழவர். வெளிநாட்டு முதலாளிகளைச் சொல்வது போல, தெருவில் எல்லோருக்கும் அவர் கவாஜா வாஹான். கண்ணாடி அலமாரியில் கேமராக்கள் வரிசையாக இவர்களைப் பார்த்தன. ஒரே மின்விளக்கு எரிந்தது. காற்றடிக்கும் போதெல்லாம் அதுவும் மங்கி மங்கிப் பிழைத்தது.

மக்ரம் என்ற பெயரைக் கேட்டதும் கிழவரின் முகம் தொங்கிப்போனது.

"நல்ல மனுஷன். இலையுதிர் காலத்துல வந்தார். 'கவாஜா, காசையும் படம் எடுக்கணும், தினப்படிக்கும் ஆகணும், அப்படி ஒரு கேமரா கொடு'ன்னார். கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் ஒரே சட்டையாக் கேக்கறீங்களேன்னேன்."

"ஏன், காசை எடுக்கறது அவ்வளவு கஷ்டமா?" என்றாள் ஷாஹிந்தா.

"மனுஷனை எடுத்துடலாம் மேடம். காசு பொல்லாதது. பளபளன்னு இருக்கும், ஃப்ளாஷ் அடிச்சா ராஜா மூஞ்சி இருக்கற இடத்துல சூரியன்தான் தெரியும். கிட்டப் போகணும், ஆனா ரொம்பக் கிட்டப் போனா கேமராவோட நிழலே காசு மேல விழும். பக்கத்துலேர்ந்து வெளிச்சம் வரணும், அதையும் மெல்லிசு காகிதத்துல வடிகட்டணும். கை ஆடவே கூடாது." கிழவர் அலமாரியிலிருந்து ஒரு பெரிய கறுப்புக் கேமராவை எடுத்து வைத்தார். முன்னால் நீண்ட லென்ஸ். "அதனால இதைக் கொடுத்தேன். கொஞ்சம் தள்ளி நின்னே காசு மேல இருக்கற தூசியைக் கூடப் பிடிக்கும். தினப்படிக்கு இது பாரம்னேன். பரவாயில்லன்னுட்டார். அன்னிலேர்ந்து வண்டிக் குதிரை கொள்ளுப்பை மாட்டின மாதிரி இதைக் கழுத்துல மாட்டிக்கிட்டேதான் ஊரெல்லாம் சுத்தினார்."

"இது சிகரெட் பாக்கெட் அளவு இல்லியே," என்றான் ஜெய்னஹும். "இதுக்குள்ள சிகரெட் கடையே வைக்கலாம்."

"அதைச் சொல்றேன் கேளு. வியாழக்கிழமை மதியம் வந்தார். இதைக் கழட்டி இங்கே வெச்சார். 'கவாஜா, இதை எடுத்துக்க. கைக்குள்ள மறையற மாதிரி ஒண்ணு கொடு. கிட்டப் போனாலும் தெளிவா விழணும். அமுக்கினா சத்தம் வரக்கூடாது. முன்னாடி அந்தச் சின்ன சிவப்பு லைட் எரியுமே, அதுவும் எரியக்கூடாது'ன்னார். நான் சிரிச்சேன். 'மக்ரம் பெய், ஐயா, சத்தம் கேட்டாக் காசு எந்திரிச்சு ஓடிடுமா?'ன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சிரிக்கவே இல்லம்மா. கண்ணாடி வழியாத் தெருவையே பார்த்துக்கிட்டிருந்தார்."

வெளியே இடி இடித்தது. விளக்கு மங்கி, மறுபடி எரிந்தது.

ஷாஹிந்தா கல்லா மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். "கவாஜா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வியாழக்கிழமை மதியத்துக்கு முன்னாடி சின்ன கேமரா எதுவும் அவர்கிட்ட கிடையாதா?"

"எப்படி இருக்கும்? பெட்டியைப் பிரிச்சதே இந்த மேஜை மேலதான். வெள்ளி நிறத்துல ஒண்ணு, கறுப்புல ஒண்ணு காட்டினேன். எது வந்தா என்னன்னு வெள்ளியை எடுத்துக்கிட்டார். சத்தத்தையும் லைட்டையும் நானே அணைச்சுக் கொடுத்தேன்."

ஷாஹிந்தாவின் விரல்கள் கல்லா மேல் தாளம் போட்டன. அவள் தாளம் போட்டால் ஏதோ ஒன்று அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம். என்ன என்றுதான் ஜெய்னஹுமுக்குப் புரியவில்லை.

"பழைய கேமராவுல எடுத்த படமெல்லாம்?"

"அதான் என் நெஞ்சுல முள்ளு மாதிரி இருக்கு," என்றார் கிழவர். "அந்த மெமரி கார்டைக் கொடுத்து, படத்தையெல்லாம் சிடியில போட்டு வை, சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்னு போனார். போட்டு வெச்சேன். ஆள் வரல. மறுநாள் பேப்பர்லதான் வந்தார்."

*

கணினித் திரையில் தங்கக் காசுகள் ஒவ்வொன்றாக வந்தன. ராஜா தலை, கொடி, எழுத்து. மக்ரமுக்குக் கை நன்றாகப் பழகியிருந்தது. ராஜாவின் மீசை முடியைத் தனித்தனியாக எண்ணலாம் போலிருந்தது.

"நிறுத்துங்க," என்றாள் ஷாஹிந்தா. "இந்த ரெண்டும்?"

எகிப்தை ஆண்ட புவாத் மன்னரின் தலை போட்ட பெரிய காசுகள் இரண்டு, ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில். இலையுதிர் காலத்தில் எடுத்தது. இடது காசில், மன்னரின் தாடைக்குக் கீழே பிறை மாதிரி ஒரு கீறல். வலது காசில் கீறலே இல்லை.

"இதே ஜோடி பின்னாடி வருதா பாருங்க."

வந்தது. போன திங்கட்கிழமை, சங்கக் கூட்டத்தில் எடுத்தது. அதே இரண்டு காசு. இந்தத் தடவை இரண்டிலும் தாடைக்குக் கீழே பிறை. ஒரே இடம், ஒரே நீளம், ஒரே வளைவு.

ஜெய்னஹும் குனிந்து பார்த்தான். "இரட்டைப் பிள்ளைன்னாலும் மச்சம் ஒரே இடத்துலயா மேடம் இருக்கும்?"

"இருக்காது. ஒரே அச்சுல வார்த்தா இருக்கும். கீறல் இருந்த காசை அச்சு எடுத்து ரெண்டு போலி வார்த்திருக்காங்க. நிஜம் ரெண்டும் போயாச்சு. பெட்டியில இன்னும் எத்தனை போச்சோ." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மன்னரோட மீசை முடி வரைக்கும் அச்சு எடுக்கணும். அதுல சின்னதா, சுத்தமா, உலோகத்தை உருக்கி ஊத்தணும். இந்த ஊர்ல தினம் அந்த வேலையைச் செய்யறது யாரு ஜெய்னஹும்?"

ஜெய்னஹும் யோசித்தான். யோசிக்கும்போது நாக்கு தானாகக் கடைவாய்க்குப் போகும். அங்கே, போன வருஷம் கட்டிய தங்கப் பல்லை அது தொட்டது. மாவு மாதிரி எதையோ வாயில் அடைத்து அச்சு எடுத்ததும், மறு வாரம் பல் வந்ததும் ஞாபகத்துக்கு வந்தது.

நாக்கு அங்கேயே நின்றுவிட்டது.

"மேடம்," என்றான், குரல் இறங்கி. "பல் டாக்டர்."

"பெட்டி சாவி யார்கிட்ட இருக்கும்? சங்கத் தலைவர்கிட்ட. அடுத்த படங்களைப் போடுங்க கவாஜா."

காசுகள் முடிந்து, தினப்படிப் படங்கள் தொடங்கின. பால்கனியில் துணி காயப்போடும் மனைவி. மீன் சந்தையில் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கும் பூனை. டிராமுக்குள் தூங்கும் ஒரு கல்லூரிப் பையன். டீக்கடை. சாதாரண மனிதனின் சாதாரண ஆசைகள்.

மீன் சந்தைப் படத்துக்குத் திரும்பிப் போகச் சொன்னான் ஜெய்னஹும். பூனைக்குப் பின்னால், தூண் ஓரத்தில் பழுப்புச் சட்டை போட்ட ஓர் ஆள். டிராம் படத்திலும் இருந்தான், கடைசி ஜன்னலோரம். டீக்கடைப் படத்தில் முகத்தைத் திருப்பியிருந்தான். ஆனால் அந்தக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. தோளும் கழுத்தும் ஒன்றான உடம்பு.

"நம்மளைக் கூட்டிட்டு வந்தவன்," என்றான். "மக்ரம் தெருவைப் பார்த்துக்கிட்டு நின்னது இவனைத்தான்."

"அதோட இன்னொண்ணு." ஷாஹிந்தாவின் குரல் தணிந்தது. "டாக்டர் காலையில என்ன சொன்னார்? வெள்ளி நிறம், சிகரெட் பாக்கெட் அளவு. திங்கக்கிழமைதான் கடைசியாப் பார்த்தேன்னார். திங்கக்கிழமை மக்ரம் கழுத்துல தொங்கினது இந்தக் கறுப்பு யானை. அந்த வெள்ளி கேமராவோட அவர் உயிரோட இருந்தது ஒரே ஒரு மதியம். அன்னிக்கு அதைப் பார்த்தவங்க ரெண்டே பேர். ஒண்ணு கவாஜா."

ஜெய்னஹுமுக்குக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. "நமக்குக் கூலி கொடுக்கறவரே..."

கைப்பேசி அடித்தது.

"கிடைச்சுதா?" என்றது அந்த மென்மையான குரல். பிறகு, "நான் பக்கத்துலதான் இருக்கேன் ஷாஹிந்தா ஹானிம். வாஹான் கடைன்னு ஷிஹாத்தா சொன்னான். வர்றேன்."

அவள் போனை வைத்தாள். ஓடச் சொல்வாள் என்று ஜெய்னஹும் எதிர்பார்த்தான். அவளோ கிழவரிடம் திரும்பினாள்.

"கவாஜா, அதே வெள்ளி கேமரா இன்னொண்ணு இருக்கா? ஒரு வெத்துக் கார்டும் வேணும். போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஒரு போன் போடுங்க. சத்தமில்லாம."

கிழவர் எடுத்துக் கொடுத்தார், தணிந்த குரலில் போலீஸுக்கும் போன் போட்டார். ஷாஹிந்தா அந்தப் புத்தம்புதுக் கேமராவைத் தரையில் வைத்துச் செருப்புக் காலால் தேய்த்தாள். இரும்புக் கதவின் தடத்திலிருந்த கறுப்பு மசகைத் தொட்டு அதன் மேல் பூசினாள்.

"ஐயோ, என் கேமரா!" என்றார் கிழவர்.

"உங்க உயிரோட சேர்த்துக் கணக்குப் போட்டுக்குங்க," என்றான் ஜெய்னஹும்.

*

டாக்டர் நஷாத் குனிந்து உள்ளே வந்து, தொப்பியிலிருந்த மழையை உதறினார். கல்லா மேல் அழுக்கோடு கிடந்த கேமராவைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி பரவியது.

"லிஃப்ட் குழியில கிடந்ததாம்," என்றாள் ஷாஹிந்தா. "கட்டடக் காவல்காரர் எடுத்து இங்கே விக்க வந்திருக்கார்."

"ஆகா. என் மக்ரம்," என்றார் டாக்டர். கேமராவை எடுத்தார். திருப்பினார். அடிப்பக்கத்து மூடியை நகத்தால் நெம்பி, கார்டை வெளியே எடுத்து, கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். கேமராவை அவளிடமே நீட்டினார். "இதை நீங்களே வெச்சுக்குங்க. ஞாபகார்த்தமா."

ஷாஹிந்தா வாங்கிக்கொள்ளவில்லை.

"நண்பர் புத்தகமாப் போட ஆசைப்பட்டார்ன்னீங்களே டாக்டர். வேலை செய்யுதான்னு அமுக்கிப் பார்க்கலியே. ஒரு படத்தைக் கூடப் பார்க்கத் தோணலியா?"

டாக்டரின் கை நீட்டியபடியே நின்றது.

"அந்தக் கார்டுல ஒண்ணும் இல்ல. கேமராவும் இந்தக் கடையோடதுதான். மக்ரம் வெள்ளிக் கேமரா வாங்கினதே அவர் செத்த அன்னிக்கு மதியம்தான். திங்கக்கிழமை கடைசியாப் பார்த்த நீங்க, அது என்ன நிறம்னு எப்படிச் சொன்னீங்க?"

மழை இரும்புக் கதவில் சரளைக்கல் கொட்டுவது போல விழுந்தது. டாக்டர் அங்கிருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். பொய்க்கோபம் வரவில்லை. ஒரு நோயாளியிடம் பல்லைப் பிடுங்கியே ஆகவேண்டும் என்று சொல்பவர் போலப் பேசினார்.

"கெட்டிக்காரியைத்தான் கூப்பிட்டிருக்கேன். சரி. காசை மாத்தினது நான். ஒத்துக்கறேன். மக்ரம் சந்தேகப்பட்டு அன்னிக்குச் சங்கத்துக்கு வந்தான். நான் பெட்டியைத் திறந்து வெச்சுக்கிட்டிருந்தப்ப, கதவோரமா நின்னு அந்தச் சனியனால படம் எடுத்தான். ஆனா அவனைத் தள்ளினது நான் இல்ல. ஷிஹாத்தா. முரடன். ஏற்கெனவே ஜெயிலுக்குப் போனவன். நான் பிடிக்கறதுக்குள்ள தள்ளிட்டான்." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "என் பேச்சையும் அவன் பேச்சையும் பக்கத்துல வெச்சா, போலீஸ் யாரை நம்பும்னு நீங்களே சொல்லுங்க."

ஜெய்னஹும் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், முக்கால்வாசி இறங்கிய இரும்புக் கதவுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே நனைந்த இரண்டு பெரிய காலணிகள் நின்றன. பக்கத்தில் ஒரு குடையின் நுனி சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக அங்கே நிற்கின்றனவோ தெரியவில்லை.

கதவு ஒரே உதறலில் மேலே போனது.

ஷிஹாத்தா கதவடியில் நின்றான். டாக்டருக்குக் குடை கொண்டுவந்தவன். ஜெய்னஹும் பக்கத்திலிருந்த முக்காலியை இறுகப் பிடித்துக்கொண்டான். ஆனால் ஷிஹாத்தா யாரையும் அடிக்க வரவில்லை. வாயைத் திறந்தான். அவ்வளவு பெரிய உடம்புக்குள்ளிருந்து மெலிசாக ஒரு குரல் வந்தது.

"அந்த ஆள் பின்னாடி போன்னீங்க, போனேன் பெய். எங்க போறார், யாரைப் பார்க்கறார்னு சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். அன்னிக்குக் கீழே கார்லதான் இருந்தேன். கூப்பிட்டீங்க. குழிக்குள்ள இறங்கி கேமராவைத் தேடுடான்னீங்க."

"வாயை மூடு," என்றார் டாக்டர்.

"இறங்கினேன். அந்த மனுஷன் உயிரோட இருந்தார்."

டாக்டர் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தார்.

"என் கையைப் பிடிச்சுக்கிட்டார். பேச்சு வரல. அவர் கையில இருந்ததை என் கையில அமுக்கினார். நீங்க மேலேர்ந்து கேட்டீங்க, பெய். அவன் இருக்கானா, போயிட்டானான்னு கேக்கல. 'கிடைச்சுதா'ன்னு கேட்டீங்க." ஷிஹாத்தா சட்டைக்குள் கைவிட்டான். "என்னையும் ஒரு நாள் அதே குழியில போடுவீங்கன்னு அப்பத்தான் புரிஞ்சுது. கிடைக்கலன்னுட்டேன்."

கைக்குட்டையில் சுற்றிய ஒன்றைக் கல்லா மேல் வைத்துப் பிரித்தான். வெள்ளி நிறக் கேமரா. ஒரு மூலை நசுங்கியிருந்தது. மடிப்புகளில் காய்ந்து கறுத்த ரத்தம்.

வாஹான் அதன் மூடியைத் திறந்தார். கார்டை எடுத்துக் கணினியில் செருகினார். திறந்த பெட்டி முன்னால் குனிந்திருக்கும் முதுகு. திரும்பும் முகம். எழுந்து வரும் உருவம், எல்லாமே மங்கலாக. பிறகு கடைசிப் படம்.

அதிலும் முகம் தெரியவில்லை. காசுக்காகக் கிட்டப் பார்வைக்குத் திருப்பி வைத்திருந்த கேமராவை மாற்ற மக்ரமுக்கு நேரம் இருந்திருக்காது. தூரத்தில் இருந்ததெல்லாம் வெறும் புகை. ஆனால் லென்ஸுக்கு முன்னால் நீண்டு வந்த வலது உள்ளங்கை, ராஜாவின் மீசையைப் போலத் துல்லியமாக விழுந்திருந்தது. ஒவ்வொரு ரேகையும். கட்டைவிரல் மேட்டில், உருகிய உலோகம் தெறித்து ஆறிய ஒரு பழைய தழும்பு.

ஷிஹாத்தா தன் இரண்டு கைகளையும் விரித்துக் கல்லா மேல் வைத்தான். காய்ப்பு ஏறிய, தழும்பில்லாத கைகள்.

"நீங்களும் வையுங்க டாக்டர்," என்றாள் ஷாஹிந்தா.

டாக்டர் நஷாத் தன் வலது கையை மெல்ல மூடிக்கொண்டார்.